தங்கவயல் இருப்புப்பாதையும் அதன் காகிதங்களும்

இந்திய ரயில்வேயின் வரலாறு பெரும்பாலும் பாலங்கள், மலைக்குகைப் பாதைகள், பொறியாளர்கள், தொழிலாளர்கள் ஆகியோரைக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. ஒரு பாதைக்கு அரசுப் பணம் வேண்டி எழுதப்பட்ட விண்ணப்பங்கள், அவற்றுடன் இணைக்கப்பட்ட மதிப்பீடுகள், அலுவலகம் அலுவலகமாக நகர்ந்த கோப்புகள் ஆகியவை அவ்வரலாற்றின் அடிக்குறிப்புகளிலேயே தங்கிவிட்டன. எந்த ஊருக்கு ரயில் வந்தது, எந்த ஊருக்கு வரவில்லை என்பதைப் பல நேரங்களில் தீர்மானித்தவை அந்தக் காகிதங்களே. இதைத் தெளிவாகக் காட்டும் சிறிய களம் ஒன்று கோலார் தங்கவயலில் உள்ளது. அது பங்காருப்பேட்டையிலிருந்து கோரமண்டல், உரிகம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பத்தில் முடியும் பதினாறு கிலோமீட்டர் கிளைப்பாதை.

இப்பாதையின் ஓரத்தில் அமைந்த குடியிருப்புகளுள் ஒன்று பாலகாட். ஒரு காலத்தில் தனிக் குழுமத்தின் பெயரில் இயங்கிய பாலகாட் சுரங்கத்தைச் சுற்றி எழுந்த ஊர் அது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், அவர்களுள் பெரும்பான்மையாக ஒடுக்கப்பட்ட சமூகத்தினர், தலைமுறைகளாக இங்கு வாழ்கின்றனர். இன்று சுரங்கம் இல்லை. ரயில் மட்டும் இருக்கிறது. விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் புறப்பட்டு இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான தங்கவயல் மக்களுக்கு அந்த ரயிலே வாழ்வாதாரம். பொன்னுக்காகப் போட்ட பாதையில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மனிதர்கள் மட்டுமே பயணம் செய்கின்றனர். அரசின் கணக்கேட்டில் பொன் பெற்றிருந்த இடம் அந்த மனிதர்களுக்குக் கிடைத்ததா என்பதே இங்கு எழும் வினா.

இந்தியாவில் ரயிலுக்கு அரசுப் பணம் பெறும் முறை 1849ஆம் ஆண்டில் உருப்பெற்றது. கிழக்கிந்திய ரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே ஆகிய குழுமங்களுடன் கிழக்கிந்தியக் கம்பெனி அவ்வாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலீட்டுக்கு 5 விழுக்காடு வட்டியை அரசு உறுதியளித்தது. பாதை இலாபம் ஈட்டாவிட்டாலும் இலண்டனிலுள்ள பங்குதாரருக்கு வட்டி சென்றடைந்தது. பற்றாக்குறையை இந்திய வரிப்பணம் ஈடு செய்தது. சென்னை ரயில்வேயும் இம்முறையின் கீழ்தான் கட்டப்பட்டது. 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை அதன் முதல் ரயில் ஓடியது. 1864இல் பாதை பெங்களூர் தண்டுப் பகுதியை அடைந்தது. பின்னாளில் தங்கவயலுக்குக் கிளை பிரிந்த பவுரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காருப்பேட்டை, அந்த வழியில் அமைந்த நிலையமாகும்.

உறுதியளிக்கப்பட்ட வட்டிக்கு ஈடாக அரசு கேட்டது மேற்பார்வை. பாதையின் திசை, பாலத்தின் வரைபடம், செலவு மதிப்பீடு, பணியாளர் நியமனம் எனக் குழுமத்தின் ஒவ்வொரு முடிவும் அரசின் ஆலோசனைப் பொறியாளரின் ஒப்புதலுக்குச் சென்றது. அவர் கையெழுத்திட்ட பின் மாகாண அரசுக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும், பெரிய செலவாக இருந்தால் இலண்டனுக்கும் கோப்பு பயணம் செய்தது. காகிதம் இவ்வளவு பெருகியும் செலவு அடங்கவில்லை. தொடக்க மதிப்பீட்டை மிகவும் விஞ்சியே பெரும்பாலான பாதைகள் முடிந்தன. வட்டி எப்படியும் கிடைக்கும் என்ற நிலையில் சிக்கனத்துக்குக் குழுமத்துக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. எனவே 1869இல் இந்திய அரசு தானே நேரடியாகப் பாதை அமைக்கும் கொள்கைக்கு மாறியது. இடர் யார் தலையில் விழுகிறது என்ற அடிப்படை ஏற்பாடு தவறாக இருக்கும்போது, எத்தனை படிவங்களைச் சேர்த்தாலும் பொதுப்பணம் காக்கப்படாது என்பது அக்காலத்தின் பாடம்.

மைசூர் போன்ற சமஸ்தானத்தில் இன்னொரு அடுக்கும் இருந்தது. 1881இல் ஆட்சி மீண்டும் உடையார் மரபுக்கு ஒப்படைக்கப்பட்டபோது எழுதப்பட்ட ஆவணம் ரயில் குறித்தும் பேசியது. ஆங்கிலேய அரசு ரயில் அமைக்க விரும்பினால் மகாராஜா நிலத்தை இலவசமாக அளிக்க வேண்டும். அந்நிலத்தின் மீதான முழு அதிகாரத்தையும் கவர்னர் ஜெனரலிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே மைசூர் மண்ணில் ஒரு தண்டவாளம் என்பது திவான், ரெசிடெண்ட், இந்திய அரசின் வெளியுறவுத் துறை ஆகிய மூவருக்குமிடையே எழுத்துப் போக்குவரத்தைக் கோரியது.

தங்கவயலின் பிறப்பே ஒரு விண்ணப்பத்தில் தொடங்கியது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் ஓய்வு வாழ்க்கை நடத்திய மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், கோலார் பகுதியில் சுரங்கம் தோண்டும் தனியுரிமை வேண்டி 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். 1875இல்தான் உரிமம் கைக்கு வந்தது. ஆழச் சுரங்கத்துக்கான மூலதனம் அவரிடம் இல்லாததால் உரிமை கைமாறியது. 1880இல் இலண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் நுழைந்த பிறகே தங்கவயல் தங்கவயலாயிற்று. தனி மனிதர் ஒருவரின் மனுவுக்கும், இலண்டனில் அலுவலகமும் கணக்கரும் பொறியாளரும் வைத்திருந்த நிறுவனத்தின் மனுவுக்கும் இடையிலிருந்த தொலைவை இக்கதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

சுரங்கங்கள் வளர்ந்தபோது கொதிகலன்கள், இயந்திரங்கள், மரம், எரிபொருள் ஆகிய அனைத்தையும் பவுரிங்பேட்டையிலிருந்து மாட்டுவண்டியில் இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கிளைப்பாதையின் தேவையை நிறுவுவதற்கு வாதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எடையும் எண்ணும் போதுமானவையாக இருந்தன. எத்தனை டன் சரக்கு வருகிறது, வண்டிக்கூலி எவ்வளவு, உற்பத்தி எவ்வளவு உயரும் என்பன குழுமங்களின் ஏடுகளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. மைசூர் தர்பாருக்கு உற்பத்தியில் 5 விழுக்காடு உரிமைத்தொகை கிடைத்ததால், பாதையின் பயன் அரசின் வருவாய்ப் பத்தியிலும் நேரடியாகத் தெரிந்தது. திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் மைசூர் அரசின் செலவில் அமைந்த இந்த அகலப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. அதை இயக்கும் பொறுப்பைச் சென்னை ரயில்வே ஏற்றது.

அதே 1894இல் தமிழகத்தில் முற்றிலும் வேறுபட்ட ஏற்பாட்டில் இன்னொரு பாதை திறக்கப்பட்டது. அது மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை சென்ற தஞ்சாவூர் மாவட்டக் கழக ரயில்வே. அதன் மூலதனத்துக்கு அடிப்படை தஞ்சை மாவட்ட நிலவுடைமையாளரிடம் தண்டப்பட்ட ரயில் தீர்வை. இலண்டன் பங்குச் சந்தையும் சுரங்கக் குழுமமும் அதில் முதன்மைப் பங்கு வகிக்கவில்லை. உள்ளூர் வரிப்பணத்தில் ஒரு மாவட்ட அமைப்பு தனக்கான ரயில் பாதையைச் சொந்தமாக்கிக்கொண்டதற்கு இந்தியாவின் முன்னோடி எடுத்துக்காட்டு இது. இங்கும் சென்னை அரசு, இந்திய அரசு எனப் பல படிகளில் ஒப்புதல் தேவைப்பட்டது. ஆனால் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. பணம் கொடுத்தவரும் விண்ணப்பித்தவரும் பயனடைந்தவரும் ஒரே மாவட்டத்தினர். கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கும் உரிமையும் அதிகாரமும் கொண்ட ஓர் அமைப்பு உள்ளூரிலேயே இருந்தது.

தங்கவயல் பாதையில் அப்படியொரு அமைப்பு இல்லை. கேட்டது குழுமம்; கொடுத்தது தர்பார்; இயக்கியது சென்னை ரயில்வே. அப்பாதையில் பயணித்த தொழிலாளி இம்மூவருக்கும் விண்ணப்பதாரர் அல்லர். சுரங்க உலகில் காகிதம் அவரைத் தேடி வந்தது கட்டுப்பாட்டின் வடிவில்தான். கைரேகையுடன் கூடிய பதிவுச் சான்று முறையை எதிர்த்து 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் இதற்குச் சான்று. தம்மை அடையாளப்படுத்தும் காகிதத்தை எதிர்த்த அம்மக்களுக்கு, தம் தேவையை எடுத்துரைக்கும் காகிதம் எதுவும் கையில் இருந்ததில்லை.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. 1951இல் தெற்கு ரயில்வே உருவானது; 2003இல் இப்பகுதி தென்மேற்கு ரயில்வேயின் கீழ் வந்தது. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுடைமையாகி, 1962இல் மத்திய அரசிடம் சென்று, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றுமுதல் இப்பாதை பயணிகளின் பாதை. இங்கேதான் அரசு நிதி கோரும் காகிதத்தின் உள்ளமைப்பு கூர்மையாக வெளிப்படுகிறது.

இந்தியாவில் ஒரு புதிய பாதைக்கான முன்மொழிவு நடக்க வேண்டிய வழி நீண்டது. நாடாளுமன்ற உறுப்பினரோ மாநில அரசோ கோரிக்கை வைக்க, ரயில்வே வாரியம் ஆய்வுக்கு அனுமதி தருகிறது. முதற்கட்டப் பொறியியல், போக்குவரத்து ஆய்வு நடக்கிறது. பின்னர் இறுதித் தடம் குறிக்கும் ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, மாநில அரசின் கருத்து, நிதி ஆயோக், நிதி அமைச்சகம் ஆகியவற்றின் மதிப்பீடு, செலவின் அளவைப் பொறுத்து அமைச்சரவைக் குழுவின் ஒப்புதல் என அது தொடர்கிறது. ஒப்புதலுக்குப் பின்னும் நிலம் கையகப்படுத்தல், வன அனுமதி, மாநிலத்தின் பங்குத்தொகை, மின்கம்பங்களையும் குழாய்களையும் இடம் மாற்றுதல் ஆகியவை காத்திருக்கின்றன. இறுதியாக, ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பார்வையிட்டுச் சான்று அளித்தால்தான் பயணிகள் ரயில் ஓடலாம்.

இப்படிகளுள் மையமானது வருவாய் விகிதக் கணக்கு. பல ஆண்டுகளாக 14 விழுக்காடு வருவாய் என்பது ஒரு புதிய பாதை நிதி அடிப்படையில் தகுதியுடையது எனக் கருதப்படுவதற்கான வரம்பாக இருந்தது. இந்தக் கணக்கில் சரக்குக்கும் பயணிக்கும் இடையே சமநிலை இல்லை. சாதாரண வகுப்புக் கட்டணம், சமூக நோக்கில், செலவுக்கும் கீழே நிர்ணயிக்கப்படுகிறது; அந்த இழப்பைச் சரக்குக் கட்டணம் ஈடு செய்கிறது. ஆகவே பயணிகளை மட்டும் நம்பிய பாதையின் கணக்கு எழுதத் தொடங்கும்போதே இழப்பில் நிற்கிறது. பயணி எண்ணிக்கை கூடினால் இழப்பும் கூடுவதாகக்கூட ஏடு காட்டலாம். பாலகாட்டிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்குச் செல்பவர் கையில் இருப்பது மாதாந்தரச் சீசன் சீட்டு. ரயிலை மிகுதியாகப் பயன்படுத்துபவரே வருவாய்ப் பத்தியில் மிகக் குறைவாகத் தோன்றுகிறார். ரயில் போதாமையால் ஊரை விட்டுப் பெங்களூரின் புறநகரில் வாடகைக்குக் குடியேறியவரோ எந்தப் பத்தியிலும் தோன்றுவதில்லை.

1894இன் விண்ணப்பத்தையும் இன்றைய விண்ணப்பத்தையும் அருகருகே வைத்தால் இது விளங்கும். அன்று பொன் தனக்கான சான்றைத் தானே உற்பத்தி செய்தது: எடை, விலை, உரிமைத்தொகை. பயணியின் தேவைக்கு அப்படித் தானாக விளையும் சான்று இல்லை. அதை யாராவது கணக்கெடுத்து, தொகுத்து, அரசு ஏற்கும் வடிவில் எழுத வேண்டும். அந்த உழைப்புக்கு ஆகும் செலவே விண்ணப்பத்தின் உண்மையான சுமை.

மாரிக்குப்பம்–குப்பம் திட்டம் இதற்கு நேரடி எடுத்துக்காட்டு. மாரிக்குப்பத்தில் முட்டுச்சந்தாக நிற்கும் பாதையை, சென்னை–பெங்களூர் முதன்மைப் பாதையிலுள்ள குப்பத்துடன் இணைப்பது இதன் நோக்கம். ஏறத்தாழ 24 கிலோமீட்டர் போட்டால் தங்கவயல் கிளைப்பாதையின் கடைக்கோடி என்ற நிலை மாறி, ஒரு வழித்தடத்தின் நடுவில் வந்துவிடும். 2011–12 ரயில்வே நிதிநிலை ஆண்டில் இத்திட்டம் இடம்பெற்றது. கோலார் தொகுதியின் உறுப்பினர் கே.எச். முனியப்பா அப்போது ரயில்வே இணை அமைச்சர். தொகுதியின் குரல் அமைச்சகத்துக்குள்ளேயே இருந்த காலத்தில்தான் கோப்பு நகர்ந்தது என்பது தற்செயல் அன்று. தஞ்சைக்கு மாவட்டக் கழகம் செய்த பணியைத் தங்கவயலுக்கு ஓர் அரசியல் பதவி செய்தது. ஆனால் பதவி நிலையானதன்று, கோப்போ நீண்டது. இரு முனைகளும் ஒரே ரயில்வே மண்டலத்தில் இருந்தாலும், பாதை கருநாடகம், ஆந்திரம் என இரு மாநிலங்களின் நிலத்தில் செல்கிறது. நில அளவை, இழப்பீடு, வருவாய்த் துறை ஒப்புதல் அனைத்தும் இரு தலைநகரங்களில், இரு மொழிகளில் நடக்க வேண்டும். இடையில் 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் நடைமுறைக்கு வந்து இழப்பீட்டுக் கணக்குகளின் அடிப்படையையே மாற்றியது. ஒப்புதல் கிடைத்துப் பத்தாண்டுகள் கடந்த பிறகும் அவ்வழியில் பயணிகள் ரயில் ஓடவில்லை.

இதிலிருந்து காகிதமே பகை என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. இழப்பீட்டு ஆவணம் இல்லாவிட்டால் நிலம் இழக்கும் சிறு உழவருக்குக் காப்பு இல்லை. பாதுகாப்பு ஆணையரின் சான்று இல்லாமல் பாதை திறக்கப்பட்டால் உயிரிழப்பவர் பயணியே. உறுதி வட்டிக் காலத்தின் வீண்செலவை இந்திய தேசியவாதப் பொருளியலாளர்கள் அரை நூற்றாண்டு காலம் சாடினர். தணிக்கையும் மதிப்பீடும் அச்சாடலின் நியாயமான விளைவுகள். ஆகவே காகிதங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிய விவாதம் மட்டும் போதாது. அவற்றை எழுதும் செலவை யார் ஏற்பது, அவற்றில் எதை எண்ணுவது என்பவை அதனினும் அடிப்படையான வினாக்கள்.

முதல் வினாவைப் பிற நாடுகளும் அண்மையில் எதிர்கொண்டன. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டத்துக்குப் பின், பயணிகள் ரயில் வழித்தடங்களை அடையாளம் காணும் கூட்டாட்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 2023 டிசம்பரில் 69 வழித்தடங்கள் தேர்வாயின. முதற்படிக்கு ஒவ்வொன்றுக்கும் 5 இலட்சம் டாலர் வரை அளிக்கப்பட்டது. அது தண்டவாளத்துக்கான பணம் அன்று. பணியின் எல்லை, கால அட்டவணை, செலவு ஆகியவற்றை எழுதுவதற்கான பணம். முதற்படியில் உள்ளூர்ப் பங்குத்தொகை கேட்கப்படவில்லை. விண்ணப்பம் எழுதுவதே ஒரு செலவு என்பதை அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. ஆயினும் அதன் பின்னான படிகள், சுற்றுச்சூழல் ஆய்வு, பயன்–செலவுக் கணக்கு எனச் சிறிய நகரங்களைத் திணறச் செய்பவை. பிரிட்டனில் 2020இல் அறிவிக்கப்பட்ட 50 கோடிப் பவுண்டுத் திட்டம், மூடப்பட்ட பாதைகளை மீட்க முனைந்த உள்ளூர்க் குழுக்களுக்கு ஆய்வறிக்கை எழுத 50,000 பவுண்டு வரை அளித்தது. நாடாளுமன்ற உறுப்பினரின் ஆதரவு அதற்குக் கட்டாயம். ஓக்ஹாம்ப்டன் பாதை 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் 2024 ஜூலையில் அரசு மாறியதும் திட்டமே கைவிடப்பட்டது. பல ஊர்களின் அறிக்கைகள் அறிக்கைகளாகவே நின்றன. உதவித்தொகை விண்ணப்பத்தை எழுத வைக்கும். விண்ணப்பம் நிறைவேறும் வரை அரசின் மனத்தை நிலைநிறுத்த அதனால் இயலாது.

இந்திய முறையில் ஆய்வை ரயில்வேயே தன் செலவில் நடத்துகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மக்களுக்குச் சுமை இல்லை. ஆனால் சுமை இல்லாத இடத்தில் பங்கும் இல்லை. போக்குவரத்து ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது, எந்த நிலையத்தில் எண்ணினர், சீசன் சீட்டுப் பயணியை எப்படிக் கணக்கிட்டனர் என்பவை பாலகாட் குடியிருப்பாளரின் பார்வைக்கு வருவதில்லை. அவருக்குத் தெரிவது இறுதி வரி மட்டுமே: போதிய வருவாய் வாய்ப்பு இல்லை, அல்லது பணி நடைபெற்று வருகிறது. மேல்முறையீட்டுக்கு அடிப்படையாகும் எண்களே கையில் இல்லாத நிலையில், மனு என்பது வேண்டுகோளாக மட்டுமே எஞ்சுகிறது.

இரண்டாவது வினாவுக்கு, அதாவது எதை எண்ணுவது என்பதற்கு, தங்கவயலின் வரலாறே விடையின் ஒரு பகுதியைத் தருகிறது. 1894இல் தர்பார் பாதையின் வருவாயைப் பயணச்சீட்டுக் கூண்டில் மட்டும் தேடவில்லை. சுரங்கத்திலிருந்து கருவூலத்துக்கு வந்த உரிமைத்தொகையிலும் அதைக் கண்டது. பாதைக்கு வெளியே விளையும் பயனைப் பாதையின் கணக்கில் சேர்க்கும் முறை இம்மண்ணில் ஏற்கெனவே கையாளப்பட்டதுதான். சுரங்கம் மூடப்பட்ட பின் ஒரு நகரம் கலைந்துவிடாமல் நிற்பது, பெங்களூரின் கட்டுமானத் தளங்களுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் நாள்தோறும் உழைப்பு சென்று சேர்வது, பிள்ளைகள் ஊரிலேயே பள்ளியைத் தொடர்வது ஆகியவை அவ்வகைப் பயன்களே. பொன்னைப் போல அவற்றை நிறுத்துப் பார்க்க இயலாது என்பதால் அவற்றுக்கு மதிப்பில்லை என்றாகாது.

ரயில்வே ஆவணங்களைக் கொண்டு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு இக்கிளைப்பாதை ஒரு முறையியல் எச்சரிக்கையும் தருகிறது. கோப்பில் இருப்பவர் விண்ணப்பிக்கத் தெரிந்தவர். விண்ணப்பிக்க வசதி பெற்றவர். சுரங்கக் குழுமத்தின் டன் கணக்கு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். விடியற்காலை இருளில் கோரமண்டல் நிலையத்தில் ரயிலுக்காக நிற்பவரின் கணக்கு அங்கே கிடைக்காது. அதை எழுதும் பொறுப்பை ரயில்வேயும் ஏற்கவில்லை, மாநில அரசும் ஏற்கவில்லை. வாய்மொழி வரலாறு, தொழிற்சங்கக் குறிப்புகள், பழைய சீசன் சீட்டுகள், நகராட்சித் தீர்மானங்கள் ஆகியவற்றிலிருந்து அக்கணக்கைத் திரட்டுவது கல்வித்துறை செய்யக்கூடிய பணி. அப்படித் திரட்டப்படும் ஏடு அடுத்த விண்ணப்பத்தின் இணைப்பாகவும் பயன்படும்.